வாங்காத காரின் கொட்டேஷன்

அந்த நுகர்வோர் வழக்கில் எங்கள் தரப்பின் முதல் சான்றாவணம், கட்சிக்காரர் வாங்காத ஒரு காரின் கொட்டேஷன். வாங்கிய காரின் இன்வாய்ஸ், ஆர்.சி., சர்வீஸ் பில்கள் எல்லாம் ஏ-2 தொடங்கி வரிசையாக இருந்தன. ஏ-1 மட்டும் வேறு கம்பெனி, வேறு ஷோரூம். கட்டைப் புரட்டிய மன்றத் தலைவர், "இது வேற வண்டியோட கொட்டேஷனாச்சே, மாத்தி வச்சுட்டீங்களா?" என்று கேட்டார். "பின்பக்கம் பாருங்கய்யா" என்றேன். திருப்பினார். நீல பால்பாயிண்ட் பேனாவில் நாலு வரிக் கணக்கு. முதல் வரியின் நடுவில் ஓர் ஓட்டை. வழக்கு முழுக்க அந்த நாலு வரியிலும் அந்த ஓட்டையிலும்தான் நின்றது.

கட்சிக்காரர் வாடிப்பட்டிப் பக்கம் உரம், பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவர். பெரியாறு கால்வாய்ப் பாசனம், இருபோக பூமி. நாற்று நட்டதும் யூரியாவும் டிஏபியும் கடனில் போகும். அறுத்து விற்ற பிறகு பணம் வரும். அந்தக் கடன் முழுவதும் துண்டுச் சீட்டில்தான் நிற்கும். கணக்கு வழக்கு அவர் மனைவி கையில். கல்லா மேஜையில் பில் குத்துகிற கம்பி ஒன்று உண்டு. வருகிற எந்தத் தாளும் அந்தக் கம்பியில் ஏறாமல் குப்பைக்குப் போகாது. கார் வாங்க அலைந்தபோது கிடைத்த தாள்களும் அப்படியே அதில் ஏறிவிட்டன. வழக்குக்கு உயிர் கொடுத்தது அந்த அம்மாளின் அந்தப் பழக்கம்தான்.

2014-ஆம் வருஷம். "டிக்கி வச்ச வண்டிதான் வேணும்" என்பதில் குடும்பத்துக்குள் கருத்து வேறுபாடு இல்லை. கையிலிருந்த பணமும் வங்கி தரும் கடனும் சேர்த்துப் பார்த்தால், 4 மீட்டருக்குள் அடங்கும் சின்ன செடான்தான் எட்டும் தூரம். இந்த 4 மீட்டர் சமாச்சாரத்தின் வேர் நம் பக்கத்துத் தொகுதியில் இருக்கிறது. சிவகங்கை எம்.பி.யும் நிதியமைச்சருமாக இருந்த ப.சிதம்பரம், 2006-07 பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி.க்கு மேல் போகக் கூடாது. அந்த வரிச் சலுகைக்காக கம்பெனிகள் டிக்கியைக் கத்தரிக்க ஆரம்பித்தன. 2008-இல் டாடா இண்டிகோ சிஎஸ் வந்தது. 2008-இல் 4 மீட்டரைத் தாண்டிய நீளத்தில் வந்த மாருதி டிசைர், 2012-இல் 3,995 மில்லிமீட்டராகச் சுருங்கி மறுபடி வந்தது. 2013-இல் ஹோண்டா அமேஸ், 2014-இல் ஹூண்டாய் எக்ஸென்ட், டாடா ஜெஸ்ட். பிற்பாடு ஜிஎஸ்டி வந்தபோதும், 2025 செப்டம்பர் 22-இல் சின்ன கார்களுக்கு வரி 18 சதவீதமானபோதும், இந்த 4 மீட்டர் கோடு மட்டும் அழியவில்லை.

எல்லோரும் ஒரே கோட்டுக்குள் வண்டி செய்தால் வண்டிகளுக்குள் வித்தியாசம் குறைந்துபோகும். ஷோரூமில் நிற்கும் பையனுக்குப் பேச மிச்சமிருப்பது மைலேஜ் ஒன்றுதான்.

இந்த வரிசையில் இரண்டு கார்கள் இறுதிச் சுற்றுக்கு வந்தன. எவை என்று எழுதப் போவதில்லை. வண்டிகள் மேல் குற்றமில்லை; இரண்டுமே மதுரை ரோட்டில் இன்றைக்கும் ஓடுகின்றன. ஒன்று பெட்ரோல். இன்னொன்று வேறு கம்பெனியின் டீசல். விலை ஏறக்குறைய ஒரு லட்சம் அதிகம். மனைவிக்குப் பெட்ரோல் வண்டிதான் பிடித்திருந்தது. மாமியாருக்கு முட்டுவலி, காலை மடக்கி உட்கார முடியாது. அந்த வண்டியில் பின்சீட்டில் காலை நீட்டிக்கொள்ள இடம் இருந்தது. கணவருக்கு டீசல் மீது கண். 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்தான். அந்த 32 ரூபாய் வித்தியாசம் அவர் மனசில் பதிந்துவிட்டது. 2013 ஜனவரியிலிருந்து டீசலை மாதம் ஐம்பது பைசா வீதம் ஏற்றிக்கொண்டே வந்தார்கள் என்பது பதியவில்லை. அவர் ஷோரூம் வாசலில் நின்ற நாளில் நம் பக்கம் பெட்ரோல் சுமார் 74, டீசல் சுமார் 61.

டீசல் கார் ஷோரூமில் மேஜைமேல் பெட்ரோல் காரின் கொட்டேஷன் கிடந்தது. மனைவி அதைக் காட்டி, "ஒரு லட்சம் ஜாஸ்தி குடுத்து இதை எதுக்குத் தம்பி எடுக்கணும்?" என்று கேட்டிருக்கிறார். விற்பனைப் பையன் அந்தத் தாளையே திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தான்.

61 ÷ 28 = 2.18
74 ÷ 15 = 4.93
மிச்சம் 2.75 × 1000 × 12 = 33,000
3 வருஷம் = 99,000

அதாவது நம் வண்டி லிட்டருக்கு 28 கிலோமீட்டர் கொடுக்கும், அந்த வண்டி 15. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் மூன்றே வருஷத்தில் போட்ட லட்சம் திரும்பிவிடும். "28 குடுக்குமா?" என்றதற்கு, "குடுக்கலைன்னா என் சட்டையப் பிடிங்கக்கா" என்று சொல்லி, கீழே "மைலேஜ் கேரண்டி" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் செல் நம்பரும் குறித்துக் கொடுத்திருக்கிறான். அன்றைக்கே அட்வான்ஸ் கட்டினார்கள்.

அந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்கு முதலில் உறைத்தது வேறு. தன் வண்டிக்கு எந்தச் சோதனைக்கூடமும் தராத எண்ணைப் போட்டவன், எதிராளி வண்டிக்கு மட்டும் காலை ஒன்பது மணிக்கு சிம்மக்கல்லில் ஊர்ந்தால் என்ன கிடைக்குமோ அந்த எண்ணைப் போட்டிருக்கிறான். பேனா ஒன்று, தராசு இரண்டு.

வண்டி வந்தது. அந்த அம்மாள் ஒவ்வொரு டீசல் பில்லின் ஓரத்திலும் மீட்டர் அளவை எழுதி வைத்திருந்தார். 17, 18, எப்போதாவது 19. ஷோரூமில் முதலில், "ரன்னிங்-இன் முடியட்டும்" என்றார்கள். அப்புறம், "மூணாவது சர்வீஸுக்கு அப்புறம் கூடும்." அப்புறம் டயரில் காற்று, ஓட்டுகிற விதம், பங்கில் போடுகிற டீசலின் தரம். எழுதிக் கொடுத்த பையன் அதற்குள் வேறு ஷோரூமுக்குப் போய்விட்டான். அந்தத் தொழிலில் யாரும் ஓரிடத்தில் நிற்பதில்லை. இதற்கிடையில் 2014 அக்டோபரில் மத்திய அரசு டீசல் விலைக் கட்டுப்பாட்டை முழுதாக எடுத்துவிட்டது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் உள்ள இடைவெளி சுருங்கச் சுருங்க, மூன்று வருஷக் கணக்கு இன்னும் தள்ளிப்போனது. இரண்டாம் வருஷம் முடிகிற சமயத்தில் என்னிடம் வந்தார்கள்.

"காரை அவனே எடுத்துக்கிட்டு அம்புட்டுக் காசையும் திருப்பிக் குடுக்கணும் சார்" என்றார் கணவர். கார் வழக்கில் வருகிற எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். வாரண்டி என்பது பழுதான பாகத்தைச் சரிசெய்து தரவோ மாற்றித் தரவோதான். அதைத் தாண்டி முழு வண்டியையும் மாற்றிக் கொடு என்று உத்தரவிட முடியாது. உங்கள் வண்டியில் பழுதென்று எதுவும் இல்லை, நன்றாகத்தான் ஓடுகிறது, சொன்ன அளவு ஓடவில்லை என்பதுதான் புகார் என்றேன். அவர் முகம் வாடியது. மனைவிதான், "அப்ப இந்தச் சீட்டுக்கு மதிப்பில்லையா சார்?" என்று கம்பியிலிருந்து உருவிய அந்தத் தாளை நீட்டினார். அதுவரை அதை எனக்குக் காட்டவில்லை. அதை வாங்கிப் படித்த பிறகுதான் வழக்கை எடுத்தேன்.

1986-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்போது நடப்பிலிருந்தது. குறைபாடுள்ள பொருள் என்று போனால் நிபுணர், சோதனைக்கூடம் என்று அலைய வேண்டும், போனாலும் தோற்போம். அதே சட்டத்தில் இன்னொரு கதவு இருக்கிறது, நேர்மையற்ற வணிக நடைமுறை. முறையான, போதுமான சோதனையின் அடிப்படை இல்லாமல் ஒரு பொருளின் செயல்திறனுக்கோ ஆயுளுக்கோ உத்தரவாதம் கொடுப்பது அதில் ஒரு வகை. அந்தப் பிரிவின் அழகு, அதோடு ஒட்டியிருக்கும் நிபந்தனை. சோதித்துப் பார்த்துத்தான் சொன்னோம் என்று எதிர்தரப்பு வாதிட்டால், அதை நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில். சோதனை நடக்கவில்லை என்பதை வாங்கியவர் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அதனால் மனுவை இப்படி வரைந்தேன்: கார் கெட்ட கார் என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டு கார்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், உண்மையில்லாத ஓர் எண்ணைக் கொடுத்து எங்கள் முடிவைத் திருப்பினார்கள். திருப்பியதற்கு நாங்கள் கொடுத்த விலை, கொட்டேஷனின் முன்பக்கத்துக்கும் எங்கள் இன்வாய்ஸுக்கும் உள்ள வித்தியாசம். ஒரே தாளின் முன்பக்கம் நஷ்டத்தைச் சொல்லியது, பின்பக்கம் காரணத்தைச் சொல்லியது. அதனால்தான் அது ஏ-1.

ஷோரூமும் உற்பத்தியாளரும் எதிர்தரப்பினர். பதிலுரை வந்தது. கார் கடையின் பெயரில் வாங்கப்பட்டிருக்கிறது, எனவே வணிக நோக்கம், எனவே அவர் நுகர்வோரே அல்ல என்பது முதல் தற்காப்பு. வருமான வரியில் தேய்மானம் காட்ட ஆடிட்டர் சொல்லிக் கடைப் பெயரில் எடுத்திருந்தார்கள். சின்ன வியாபாரிகள் பாதிப் பேர் செய்வதுதான். போதாததற்கு, தங்கை மகன் கல்யாணத்தில் பூ அலங்காரத்தோடு வண்டி நின்ற ஒரு படத்தை எங்கிருந்தோ பிடித்துவந்து, ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுகிறார் என்றும் எழுதியிருந்தார்கள். கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் எந்திரம் வாங்கிய லக்ஷ்மி என்ஜினியரிங் வொர்க்ஸ் வழக்கின் 1995 தீர்ப்பை எடுத்து வைத்தார் எதிர்தரப்பு வக்கீல். வணிக நோக்கம் என்றால் என்ன என்று உச்ச நீதிமன்றம் விளக்கிய வழக்கு அது. நான் கன்ட்ரோல்ஸ் அண்ட் ஸ்விட்ச்கியர் எதிர் டைம்லர்கிரைஸ்லர் வழக்கில் தேசிய ஆணையம் 2007-இல் சொன்னதை வைத்தேன். கம்பெனி பெயரில் வாங்கினாலும், இயக்குநர் ஏறிப் போக வாங்கிய கார் வணிக நோக்கத்துக்கானதாகிவிடாது. பென்ஸ் காருக்குச் சொன்ன நியாயத்தை உரக்கடைக்காரர் வண்டிக்கும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அதே வழக்கில் அந்த நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றமும் 2024 ஜூலையில் உறுதி செய்துவிட்டது என்பதால், இன்றைக்கு இந்தத் தற்காப்பு இன்னும் பலவீனமாகிவிட்டது. கல்யாணப் படத்துக்குப் பத்திரிகையைத் தாக்கல் செய்தோம். தாய்மாமன் இடத்தில் கட்சிக்காரர் பெயர் அச்சாகியிருந்தது.

ஒருவரிடம் சொன்னது பொதுமக்களுக்குச் சொன்னதாகுமா என்றும் கேட்டார்கள். சட்டத்தின் விளக்கத்திலேயே பதில் இருந்தது: பொதுமக்களில் ஒருவர் கையில் எந்த வகையிலாவது கிடைக்கும்படி செய்தாலே பொதுமக்களுக்குச் சொன்னதாகத்தான் கொள்ள வேண்டும்.

பிறகு புக்கிங் படிவம். அதன் அடியில் பொடி எழுத்தில், விற்பனையாளரின் வாய்மொழி வாக்குறுதிகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று ஒரு வரி. அதை அழுத்தமாகக் காட்டத்தான் அந்தப் படிவத்தை பி-2 என்று தாக்கல் செய்திருந்தார்கள். எங்களிடம் இருப்பது வாய்மொழி இல்லையே, எழுத்து என்றேன். சீட்டு எங்கள் ஊழியர் எழுதியதே இல்லை என்றார்கள் அடுத்து. அந்த இடத்தில் பி-2 எங்களுக்கு உதவிக்கு வந்தது. படிவத்தில் வாடிக்கையாளர் பெயர், வண்டியின் நிறம், அட்வான்ஸ் தொகை எல்லாவற்றையும் நிரப்பியது அதே பையன். அவன் 2 போடும்போது வாலைச் சுழித்து மேலே தூக்குவான். 7-க்கு நடுவில் குறுக்குக் கோடு போடுவான். எழுத்தை நீதிமன்றமே ஒப்பிட்டுப் பார்க்க சாட்சியச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு வழி விட்டிருந்தது. ஏ-1-ஐயும் பி-2-ஐயும் அருகருகே வைத்தோம். மன்ற உறுப்பினர் ஒரு அம்மையார் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, எதிர்தரப்பு வக்கீலைப் பார்த்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் ஓட்டை பேசப்பட்டது. பில் கம்பி அந்தத் தாளில் இறங்கிய இடம் 28-இன் எட்டு. எட்டின் இடப்பக்க வளைவு கிழிந்துபோய், மிச்சம் 3 மாதிரியும் தெரியும், 8 மாதிரியும் தெரியும். எதிர்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். எழுதியது எங்கள் ஊழியர் என்றே வைத்துக்கொண்டாலும், அது 23. கம்பெனியே விளம்பரத்தில் அதைவிட அதிகம் சொல்கிறது. ஆகவே எங்கள் ஊழியர் அடக்கமாகத்தான் சொல்லியிருக்கிறார் என்றார். நல்ல வாதம். அரங்கில் இருந்த ஜூனியர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மன்றத் தலைவரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். எட்டையோ மூன்றையோ பார்க்க வேண்டாம், சமக்குறிக்கு அந்தப் பக்கம் இருப்பதைப் பாருங்கள். 2.18 தெளிவாக இருந்தது. 61-ஐ 23-ஆல் வகுத்தால் 2.65 வரும். 2.18 வர வேண்டுமென்றால் 28-ஆல்தான் வகுக்க வேண்டும். கால்குலேட்டர் கேட்டார்; பெஞ்ச் கிளார்க் தன் செல்போனை எடுத்துக் கொடுத்தார். வகுத்துப் பார்த்த தலைவர், கீழே 99,000 வரைக்கும் போய்ச் சரிபார்த்தார். ஓட்டை வாதம் அங்கேயே முடிந்தது.

28 உறுதியானதும் இன்னொன்றும் உறுதியானது. அந்த வகை டீசல் செடான்களுக்கு அன்றைக்குக் கம்பெனிகள் போட்டுக்கொண்டிருந்த எண்களே 23-இலிருந்து 26-க்குள்தான் இருந்தன. அந்த எண்களும் ரோட்டில் ஓட்டி எடுத்தவை அல்ல. சோதனைக்கூடத்தில் உருளைகள்மேல் வண்டியை நிறுத்தி, ஏசி போடாமல், வகுத்துக் கொடுத்த வேகத்தில், 90 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் சக்கரத்தைச் சுழலவிட்டு எடுப்பவை. புனேயில் உள்ள ஏஆர்ஏஐ சான்றளிக்கும் எண் என்று பிரசுரத்தில் போடுவார்கள். அந்த ரோலர்மேல் நிறுத்தியும் வராத 28, வாடிப்பட்டி ரோட்டில் எங்கிருந்து வரும்? முறையான சோதனை என்ற தற்காப்புக்கு ஷோரூமிடம் எந்தத் தாளும் இல்லை. உற்பத்தியாளரின் பிரசுரம் உற்பத்தியாளரைக் காப்பாற்றியது, ஷோரூமைக் கைவிட்டது.

அப்படியும் சோதனை ஓட்டம் வேண்டும் என்று மனுப் போட்டது எதிர்தரப்புதான். நாலுவழிச் சாலையில் நிதானமாக ஓட்டினால் வந்துவிடும் என்று சர்வீஸ் மேனேஜர் தைரியம் கொடுத்திருப்பார் போல. நான் ஆட்சேபிக்கவில்லை. வக்கீல் கமிஷனர் ஒருவரும், பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரும் நியமிக்கப்பட்டார்கள்.

சித்திரை வெயில். வாடிப்பட்டி அருகே ஒரு பங்கில் டேங்கை நிரப்புவதிலேயே முதல் சண்டை. துப்பாக்கி 'டக்'கென்று நின்றதும் போதும் என்றார் சர்வீஸ் மேனேஜர். வண்டியை ஆட்டிக் காற்றை வெளியேற்றி இன்னும் ஊற்ற வேண்டும் என்றார் கட்சிக்காரர். ஆசிரியர் தீர்த்து வைத்தார்: அதே பங்கு, அதே பம்பு, போகும்போதும் முதல் 'டக்', வரும்போதும் முதல் 'டக்'. அடுத்து எடை. கமிஷனர், ஆசிரியர், ஷோரூம் டிரைவர், கட்சிக்காரர், நான் என்று ஐந்து பேர் ஏறினோம். ஐந்து பேர் கூடாது என்று என்னை இறக்கினார்கள். ஏசி போடக் கூடாது, ஜன்னலையும் இறக்கக் கூடாது, காற்று இழுத்தால் மைலேஜ் குறையும் என்றார் மேனேஜர். கமிஷனர் பாவம், கறுப்புக் கோட்டோடு வந்திருந்தார். எதிர்தரப்பு வக்கீலின் காரில் அவரும் நானும் ஏசியைப் போட்டுக்கொண்டு பின்னால் போனோம். கொடைரோடு டோல்கேட்டைத் தாண்டி, திண்டுக்கல் போய்த் திரும்பும்வரை அந்த டிரைவர் 55-ஐத் தாண்டவில்லை. மணல் லாரிகள்கூட ஹாரன் அடித்து ஒதுங்கிப் போயின. "இப்படி ஓட்டினா வண்டி 28 குடுக்கும், ஆனா பிள்ளைக்குக் கல்யாண வயசாயிரும்" என்றார் பக்கத்திலிருந்த நண்பர். எதிர்தரப்பு வக்கீலைத்தான் சொல்கிறேன்.

அப்படி ஓட்டியும் 24-ஐத் தொடவில்லை. அதற்குப் பிறகு ஏசி போட்டு, கட்சிக்காரர் வழக்கமாகப் போகும் சோழவந்தான் உள்ரோட்டில் ஓட்டியபோது 18-க்குப் பக்கத்தில் நின்றது. கமிஷனர் அறிக்கையில் இரண்டு எண்களும் போட்டார்.

மன்றத்தின் உத்தரவு எதிர்பார்த்தபடியே வந்தது. காரில் உற்பத்திக் குறைபாடு இல்லை. உற்பத்தியாளர் மீதான புகார் தள்ளுபடி. ஷோரூம் ஊழியர் பணியின்போது எழுதிக் கொடுத்ததற்கு ஷோரூம் பொறுப்பு. அடிப்படையில்லாத உத்தரவாதம் கொடுத்தது நேர்மையற்ற வணிக நடைமுறை. முழு லட்சத்தைக் கொடுக்கவில்லை. வண்டியை அனுபவித்திருக்கிறார், டீசலில் கொஞ்சம் மிச்சமும் பிடித்திருக்கிறார் என்று கழித்து, 50,000 ரூபாய் இழப்பீடும் வழக்குச் செலவும் கொடுத்தார்கள். கழித்தது நியாயம்தான் என்று நான் நினைக்கிறேன்; கட்சிக்காரர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஷோரூம் மாநில ஆணையத்தின் மதுரை அமர்வுக்கு மேல்முறையீடு போனது. அங்கே தொகை கொஞ்சம் குறைந்தது. நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற முடிவு அப்படியே நின்றது.

இந்த வழக்கு முடிந்து சில வருஷங்கள் கழித்துத் திருச்சூரிலிருந்து ஒரு செய்தி வந்தது. 2014-இல் ஃபோர்டு கிளாசிக் டீசல் செடான் வாங்கிய ஒரு பெண்மணி, விளம்பரத்தில் சொன்ன 32 கிலோமீட்டர் வரவில்லை என்று திருச்சூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருந்தார். நிபுணர் ஓட்டிப் பார்த்ததில் 19.6 வந்தது. 3 லட்சம் ரூபாய் இழப்பீடும் செலவுத் தொகையும் கிடைத்தன. இதைப் படித்துவிட்டு, "அங்க மூணு லட்சம், எனக்கு மட்டும் ஏன் சார் அம்பதாயிரம்?" என்று போன் செய்தார் கட்சிக்காரர். அங்கே 32 என்று சொன்னது விளம்பரமும் பிரசுரமும். இங்கே 28 என்று சொன்னது ஒரு பையனின் பேனா. கம்பெனி அச்சடித்த எண் என்றால் பொறுப்பு கம்பெனிவரை போகும். ஷோரூம் மேஜையில் எழுதிய எண் ஷோரூமோடு நிற்கும். டாடா மோட்டார்ஸ் எதிர் அன்டோனியோ பாலோ வாஸ் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றமும் இந்தக் கோட்டைத்தான் போட்டது. பழைய மாடலைப் புது வண்டி என்று டீலர் தள்ளிவிட்டால், தெரிந்து உடந்தையாக இருந்தது நிரூபிக்கப்படாதவரை உற்பத்தியாளர் பொறுப்பாக மாட்டார்.

டீசல் கதை இப்போது இந்த விலைக் கார்களில் பெரும்பாலும் முடிந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 கட்டாயமானதோடு மாருதி டீசலையே நிறுத்தியது. மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். இன்றைக்கு டிசைரா, அமேஸா, ஆராவா, டிகோரா என்று குழம்புகிறவர்களிடம் பேசப்படுவது சிஎன்ஜி மைலேஜ், பாதுகாப்பு ஸ்டார், இலவச சர்வீஸ், எக்ஸ்சேஞ்ச் போனஸ். பேசுகிற விஷயம் மாறியிருக்கிறது. பேசுகிற மேஜை அதேதான். ஸ்டார் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஒரே பெயரில் வரும் பழைய மாடலுக்கும் புது மாடலுக்கும் ஸ்டார் வேறு வேறாக இருக்கும். குளோபல் என்கேப் சோதனையில் முந்தைய டிசைர் 2 ஸ்டார். 2024 நவம்பரில் வந்த புது டிசைர் 5 ஸ்டார். ஷோரூம்காரர் காட்டும் சான்று எந்த வருஷத்து மாடலுக்கானது என்று கேளுங்கள்.

கார் வாங்கப் போகிறவர்களுக்கு என் தொழிலிலிருந்து சொல்லக்கூடியது இவ்வளவுதான். இரண்டு ஷோரூமிலும் கொட்டேஷன் வாங்குங்கள். வாங்காத வண்டியின் கொட்டேஷனைத் தூக்கிப் போடாதீர்கள். எது உங்கள் முடிவைத் திருப்பியதோ, அதை ஷோரூமின் லெட்டர்ஹெட்டில் எழுதி, சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அந்த வாக்குறுதியை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள். 2020 ஜூலை 20 முதல் 2019-ஆம் வருஷத்துப் புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. 5-இலிருந்து 10 லட்சம் என்றால் 200 ரூபாய். இரண்டு வருஷக் கெடு மட்டும் பழைய சட்டத்தில் இருந்தபடியே இருக்கிறது. மூன்றாவது சர்வீஸ் முடியட்டும், நாலாவது சர்வீஸ் முடியட்டும் என்று யார் சொன்னாலும், அந்தக் கெடு நமக்காகக் காத்திருக்காது.